எனக்குப் பிறகு யாருக்கு? உயில், செட்டில்மெண்ட், நாமினி பற்றி முதல்முறை யோசிப்பவர்களுக்கு

பத்திரம் எழுதும் வேலைக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் என் மேசையில் வந்து உட்காருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "உயில் எழுதிடலாமா, இல்ல செட்டில்மெண்டே போட்டுடலாமா?" (உயில் நாம் போனபிறகு அமலுக்கு வருவது, செட்டில்மெண்ட் இன்றைக்கே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவது.) பதில் சொல்வதற்கு முன் நான் ஒரு வெள்ளைத்தாளை அவர்கள் பக்கம் தள்ளுவேன். "இன்னைக்கு ராத்திரியே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னு வைங்க. எதுவும் எழுதாமலே இருந்தா யாருக்கு எவ்வளவு போகும்? எழுதுங்க பார்ப்போம்." சிலர் முகம் சுளிப்பார்கள், வீட்டுப் பெண்கள் "என்னங்க இப்படிப் பேசறீங்க" என்பார்கள். எழுதிக் கொடுக்கிறவர்களில் சரியாக எழுதுகிறவர் குறைவு.

கீழே இருப்பதெல்லாம் தமிழ்நாட்டில் வீடு, நிலம், பேங்க் பணம் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பங்களுக்கானது. வக்கீலைப் பார்க்கவேண்டிய இடத்தில் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் அங்கே போய் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் அவர் நேரமும் உங்கள் பணமும் மிச்சம்.

முதல் படி: எழுதாவிட்டால் யாருக்குப் போகும்?

இந்துக்களுக்கு (பௌத்தர், சமணர், சீக்கியர் உட்பட) 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தனிச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் பிரியும். மனைவி, மகன்கள், மகள்கள், இவர்களோடு அம்மா. அம்மா உண்டு, அப்பா கிடையாது. அப்பா இரண்டாம் வகுப்பில் இருக்கிறார். முதல் வகுப்பில் ஒருவராவது இருந்தால் அவருக்கு எதுவும் வராது.

இந்த "அம்மா" என்கிற ஒரு சொல்லில் எத்தனை குடும்பம் சிக்கியிருக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கைப்பையில் ஃபிளாட் பத்திரத்தோடு வந்தார். கணவர் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள், ஐந்து வயது. ஃபிளாட்டை விற்றுவிட்டுத் தாய்வீட்டுப் பக்கம் போகவேண்டும் என்கிறார். கணவர் பெயரில் இருந்த வீடு, ஆகவே எனக்கும் குழந்தைக்கும்தானே என்று நினைத்திருந்தார். நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மகளுக்கு மூன்றில் ஒன்று, மாமியாருக்கு மூன்றில் ஒன்று.

மாமியார் மூத்த மகன் வீட்டில் இருந்தார். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போன இடைவெளியில் அவரும் காலமானார். மாமனார் முன்பே இல்லை. இப்போது அந்த மூன்றில் ஒன்று மறுபடி உடைகிறது: மூத்த மகன், ஒரு மகள், இறந்த மகனின் குழந்தை, ஆக மூன்று பேர், தலைக்கு ஒன்பதில் ஒன்று. முடிவில் அந்த ஃபிளாட்டில் மனைவிக்கு 9-இல் 3, குழந்தைக்கு 9-இல் 4, மைத்துனருக்கு 1, நாத்தனாருக்கு 1. நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம். குழந்தை மைனர் என்பதால் அவள் பங்கை விற்க அம்மாவே கார்டியனாக இருந்தாலும் கோர்ட் அனுமதி வாங்கவேண்டும். மாமியார் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி அது அவருக்கு நியாயமான பங்கு. ஆனால் அந்தக் கணவர் உயிரோடு இருந்தபோது அரைப்பக்கம் எழுதியிருந்தால், அம்மாவுக்கு பேங்க் பணம், மனைவிக்கும் மகளுக்கும் வீடு என்று அவரே பிரித்துவைத்திருக்கலாம்.

பெண்ணின் சொத்துக்கு விதி வேறு. முதலில் கணவர், மகன்கள், மகள்கள். அவர்கள் இல்லையென்றால் அடுத்து வருவது கணவரின் வாரிசுகள், அதற்கும் பிறகுதான் அவளுடைய அப்பா அம்மா. பிள்ளையில்லாதவருக்கு ஒரு விலக்கு உண்டு. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும், கணவர் அல்லது மாமனார் வழியில் வந்தது கணவரின் வாரிசுகளுக்குப் போகும். சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று உண்டு. கல்யாணமாகி மூன்று மாதத்தில் கணவனைப் பாம்புக்கடியில் இழந்த பெண். புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள், பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போய்ச் சேர்த்தார். உயில் எழுதாமல் இறந்தார். அவர் சேமிப்பு துரத்திவிட்ட கணவன் வீட்டாருக்கே போனது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்கமுடியாது என்றது கோர்ட். வேலைக்குப் போகும் பெண்கள், முக்கியமாகப் பிள்ளையில்லாதவர்கள், விதவைகள், இந்த ஒரு விஷயத்துக்காகவே உயில் எழுதவேண்டும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா என்று இன்னமும் கேட்கிறார்கள். உண்டு. தமிழ்நாடு 1989-லேயே, அப்போது கல்யாணம் ஆகாமலிருந்த மகள்களுக்குக் கொடுத்தது. 2005-இல் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துவிட்டது: தேவையில்லை. "நகை போட்டு அனுப்பிட்டோம்ல" என்பது கோர்ட்டில் செல்லாது. பூர்வீகச் சொத்து முழுவதையும் ஒருவர் உயிலில் எழுதிவைக்கவும் முடியாது. தன் பங்கை மட்டும் எழுதலாம்.

கிறிஸ்தவர்களுக்கு 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்கள் தங்கள் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வசிய்யத் (உயில்) எழுதமுடியும். அதற்கு மேல் போனாலோ, வாரிசுகளில் ஒருவருக்கே எழுதினாலோ, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்கள் நேராக வக்கீலிடம் போய்விடுங்கள். எந்தச் சட்டம் பொருந்தும் என்பதிலேயே அங்கே கேள்வி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்து, "அட, இப்படிப் போனால் எனக்குச் சம்மதம்தான்" என்று தோன்றினால் அவசரமில்லை. சம்மதமில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டாம் படி: ஒரு நோட்டு

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு போதும். எதெல்லாம் இருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது. வீடு, நிலம், எஃப்.டி., பி.எஃப்., எல்.ஐ.சி., மியூச்சுவல் ஃபண்ட், நகை, சீட்டு, யாருக்கோ கைமாற்றாகக் கொடுத்தது, நீங்கள் வாங்கியது. கடனையும் எழுதுங்கள். அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

நிலம், வீடு என்றால் மூன்று தாளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா. மூன்றிலும் பெயரும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகிறதா? பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும், பட்டா செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும். அப்படி இருந்தால் முதலில் பட்டாவை மாற்றுங்கள், உயில் அப்புறம். அப்பா காலத்துச் சொத்தைப் பாகம் பிரிக்காமல் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தால், உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் எழுதிவைக்கப்போவது தகராறைத்தான். எல்லாரும் உயிரோடும் பேச்சோடும் இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுவிடுங்கள்.

பத்து வருடம் தொடாமல் கிடக்கும் பேங்க் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசு கேட்டுப் பெறலாம், ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பது தெரியவேண்டுமே. இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்கைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் இணையதளம் இருக்கிறது. அப்பாவின் பழைய ஊர்க் கணக்குகளை அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

போன் இன்று ஒரு பெட்டிச் சாவி. ஓ.டி.பி. எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். இறந்தவரின் சிம்மை உடனே ரத்து செய்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு. வேலையெல்லாம் முடியும்வரை நம்பரை உயிரோடு வைத்திருக்கச் சொல்லி நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பாஸ்வேர்டை உயிலில் எழுதாதீர்கள். உயிலைப் பிற்பாடு பல பேர் படிப்பார்கள்.

மூன்றாம் படி: நாமினி

நாமினி என்றால் சொத்துக்காரர் என்று நினைப்பது பொதுவான தப்பு. பேங்கும் கம்பெனியும் யாரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கைகழுவலாம் என்பதற்கான பெயர் அது. பணத்தை வாங்கிய நாமினி அதை வாரிசுகளுக்குக் கொடுக்கப் பொறுப்பு. எல்.ஐ.சி. பணம் பற்றி உச்ச நீதிமன்றம் 1984-இலேயே இதைச் சொன்னது. பங்குகளுக்கும் இதுதான் விதி என்று 2023 டிசம்பரில் சொன்னது. இன்ஷூரன்ஸில் மட்டும் 2015-இன் திருத்தத்துக்குப் பிறகு, கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம்.

அதனால் நாமினி வேண்டாம் என்று அர்த்தமில்லை. நாமினி இருந்தால் பணம் சில வாரத்தில் கைக்கு வரும், இல்லாவிட்டால் வாரிசுச் சான்று, கோர்ட் தரும் சக்ஸஷன் சர்டிபிகேட் என்று அலையவேண்டும். உயிலில் யார் பெயரோ அவரையே நாமினியாகவும் போடுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால்தான் சண்டை. 2025 நவம்பர் 1 முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், சதவீதம் பிரித்தும் எழுதலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற முறையில்தான்.

நான்காம் படி: உயிலா, செட்டில்மெண்டா?

உயில் நீங்கள் போனபிறகுதான் அமலுக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழிக்கலாம், சொத்தையே விற்றும் விடலாம். முத்திரைத் தீர்வை இல்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும்.

செட்டில்மெண்ட் இன்றைக்கே சொத்து கைமாறுவது. பதிந்தபிறகு மனசு மாறினால் நீங்களாக ரத்து செய்யமுடியாது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் போடும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இந்த உச்சவரம்பு 2023 ஜூலையில் வந்தது. அதே சொத்தைக் கிரயமாக எழுதினால் மொத்தம் 9 சதவீதம் ஆகும் என்பதால்தான் எல்லாருக்கும் செட்டில்மெண்ட் மேல் ஆசை.

என் அபிப்பிராயம் கேட்டால், இருக்கிற ஒரே வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதாதீர்கள். "பையன் கேக்குறான், எழுதிக் குடுத்துட்டா நிம்மதியா இருப்பேன்" என்று வருகிற பெரியவர்களை நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தொழிலுக்கு நஷ்டம்தான். எழுதியே தீருவேன் என்றால் இரண்டு நிபந்தனை பத்திரத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். ஒன்று, என் ஆயுளும் என் மனைவி ஆயுளும் உள்ளவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை எங்களுக்கே. இரண்டு, சொத்தைப் பெறுகிறவர் எங்களுக்குச் சாப்பாடு, மருந்து, பராமரிப்பு செய்யவேண்டும். இரண்டாவது எழுதியிருந்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். வாய்ப்பேச்சில் விட்டால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

இந்தியாவில் 1985-இலேயே எஸ்டேட் வரியை எடுத்துவிட்டார்கள். வாரிசாக வரும் சொத்துக்கு வரி இல்லை. பிறகு விற்கும்போது மூலதன ஆதாய வரி உண்டு. வரிக்குப் பயந்து அவசரமாக எழுதிவைக்கத் தேவையே இல்லை.

உங்கள் வயதுக்கு என்ன?

*வேலைக்குப் போகும், கல்யாணமாகாதவர்.* சொத்து என்று பெரிதாக இருக்காது, பி.எஃப்., இன்ஷூரன்ஸ், கொஞ்சம் ஃபண்ட். நாமினியைச் சரியாகப் போட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. பையனாக இருந்து எழுதாமல் போனால் எல்லாம் அம்மாவுக்கு, அப்பாவுக்கு ஒன்றுமில்லை. பெண்ணாக இருந்தால் இருவருக்கும்.

*புதுமணத் தம்பதி, சின்னக் குழந்தை.* கல்யாணத்துக்கு முன் பி.எஃப்.பில் போட்ட நாமினேஷனைக் கல்யாணத்துக்குப் பின் புதிதாகப் போடவேண்டும். கிராச்சுவிட்டிக்கும் அப்படியே. கிறிஸ்தவர்களாக இருந்தால் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு ரத்தாகாது, அதனால் அம்மா பெயருக்கு எழுதிய பழைய உயில் மனைவி வந்தபின்னும் உயிரோடு இருக்கும். தேடி எடுத்துக் கிழியுங்கள்.

இந்த வயதில் உயிலின் முக்கியமான வரி சொத்து பற்றியது இல்லை, குழந்தை பற்றியது. இருவரும் ஒரே விபத்தில் போனால் குழந்தை யாரிடம் வளரவேண்டும்? உயிலிலேயே கார்டியன் பெயரைச் சொல்லலாம். அந்த ஆளிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு எழுதுங்கள். கடன் வைத்துத் தொழில் செய்கிறவர் என்றால் டேர்ம் பாலிசியை 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்கீழ் எடுங்கள். விண்ணப்பத்தில் ஒரு படிவம் கூடுதலாக நிரப்பினால் போதும், அந்தப் பணத்தில் கடன்காரர் கைவைக்கமுடியாது. பாலிசி எடுக்கும்போதே செய்யவேண்டும், பிற்பாடு சேர்க்கமுடியாது.

*நாற்பது, ஐம்பது.* வீட்டுக்கடன் ஓடும், பிள்ளைகள் கல்லூரியில், அப்பா அம்மாவுக்கு எழுபது. உங்கள் உயிலோடு அவர்கள் காகிதத்தையும் பார்க்கவேண்டிய வயது. "உயில் எழுதுங்க" என்று பெற்றோரிடம் கேட்பது தர்மசங்கடம். "நான் எழுதறேன்ப்பா, நீங்களும் வாங்க, ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்று கூட்டிவந்தவர்கள் சுலபமாக முடித்துவிட்டுப் போனார்கள். அக்கா தங்கைகளுக்குத் தெரியாமல் மட்டும் கூட்டிவராதீர்கள்.

*அறுபதுக்கு மேல்.* உயிலைத் தள்ளிப்போடக்கூடாத வயது. நினைவு தடுமாற ஆரம்பித்தபின் எழுதியதை யாரும் சும்மா விடமாட்டார்கள். எழுதும் அன்றோ முந்தின நாளோ ஒரு டாக்டரிடம், நல்ல நினைவோடு இருக்கிறார் என்று சான்று வாங்கி இணைத்துவிடுங்கள். படுத்த படுக்கையாக இருந்தால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரச்சொல்லிப் பதியலாம், அதற்குத் தனிக் கட்டணம். வெண்டிலேட்டரில் வைத்து இழுக்கவேண்டாம் என்று நினைப்பவர்கள் அதையும் எழுதிவைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர் கையெழுத்து. அது தனித் தாள். சொத்து உயிலோடு சேர்க்காதீர்கள், ஏனென்றால் உயிலைப் பிரிக்கும்போது அது பயன்படாது.

குடும்பம் கொஞ்சம் வேறு மாதிரி என்றால்

பிள்ளையில்லாத தம்பதி: ஒருவருக்கொருவர் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இருவரும் போனபிறகு யார் என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் மனைவி சம்பாதித்துக் கட்டிய வீடு கடைசியில் கணவரின் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்குப் போகும், கடைசிவரை கூட இருந்து பார்த்த மனைவியின் தங்கைக்கு ஒரு செங்கல்கூட வராது.

இரண்டாம் திருமணம்: முதல் மனைவி இறந்தோ விவாகரத்தாகியோ செய்தது என்றால் இரண்டாம் மனைவி முழு வாரிசு. முதல் மனைவி இருக்கும்போதே கட்டியவருக்குப் பங்கு கிடையாது, ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவின் சொத்தில் உண்டு. மனைவியின் முதல் கணவர் பிள்ளையை நீங்கள் பத்து வருடம் வளர்த்திருந்தாலும், முறைப்படி தத்தெடுக்காவிட்டால் அவன் உங்கள் வாரிசு இல்லை. அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்றால் உயில்தான் வழி. இங்கே உறவுமுறையைப் பூசி மெழுகாமல் எழுதவேண்டும்: "என் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்து, என்னால் வளர்க்கப்பட்ட" என்று அப்பட்டமாக.

மாற்றுத்திறன் பிள்ளை: சொத்தை நேராக அந்தப் பிள்ளை பெயருக்கு எழுதிவிட்டால் பிறகு அதை நிர்வகிக்க ஆளிருக்காது. அண்ணன் பெயருக்கு எழுதி "தம்பியைப் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி போடுவது அண்ணனின் மனசாட்சியை மட்டும் நம்புவது. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டப்படி ஒரு தனியார் டிரஸ்ட் ஏற்படுத்தி, இரண்டு மூன்று பேரை டிரஸ்டிகளாகப் போட்டு, அந்தப் பிள்ளையின் ஆயுள்வரை செலவுக்கு, அதன்பின் யாருக்கு என்று எழுதலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தில் உள்ளூர் குழு இருக்கிறது. அரசு ஊழியராக இருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரை நீங்கள் இருக்கும்போதே பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில்: வெளிநாட்டுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கமுடியாது, வாரிசாகப் பெறலாம். விற்ற பணத்தை வரி கட்டிவிட்டு ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை கொண்டுபோகலாம். சிரமம் எல்லாம் நேரில் வந்து கையெழுத்துப் போடுவதில்தான். ஊரில் இருக்கும் ஒருவரை உயிலின் நிறைவேற்றுநராக (உயிலில் சொன்னபடி பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளராக) போடுங்கள்.

உயிலை உட்கார்ந்து எழுதும்போது

ஆரம்பம் எல்லா உயிலிலும் ஒன்றுபோல இருக்கும்: "நல்ல நினைவுடனும், திடமான மனதுடனும், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல், என் சுயவிருப்பப்படி எழுதிவைத்த உயில்." அடுத்த வரி முக்கியம்: "இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்." பிறகு குடும்பத்தில் யார் யார், எல்லார் பெயரும், சொத்து கொடுக்காதவர் பெயரும் சேர்த்து. ஒருவரை விட்டுவிட்டால், "மறதியில் எழுதிய உயில்" என்று வாதாட இடம் கிடைக்கும்.

ஒருவருக்குக் குறைவாகவோ, ஒன்றுமில்லாமலோ எழுதினால் காரணத்தை ஒரே வாக்கியத்தில், கோபமில்லாமல் எழுதுங்கள். "என் மூத்த மகனுக்குத் தொழில் தொடங்கவும் வீடு கட்டவும் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டபடியால்" என்றால் போதும். ஒருவர் மகனின் குற்றங்களை மூன்று பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். அதையெல்லாம் படித்தால் எழுதியவர் மனநிலைதான் சந்தேகமாகும் என்று சொல்லி அடித்துவிட்டேன்.

சொத்து விவரத்தில் கதவு எண் மட்டும் போதாது. கிராமம், சர்வே எண், உட்பிரிவு, நான்கு மால் (நான்கு பக்க எல்லை), பரப்பு, உங்களுக்கு அது வந்த பத்திரத்தின் எண்ணும் வருடமும். நான்கு மாலை மூலப்பத்திரத்தைப் பார்த்து எழுதாமல் வீட்டு வாசலில் நின்று பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். முப்பது வருடத்தில் பக்கத்து மனைக்காரர் இரண்டு முறை மாறியிருப்பார். பழைய பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

கடைசியில் மறக்காமல்: "இதில் குறிப்பிடாமல் விட்டதும், இனி நான் சம்பாதிப்பதுமான மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு." இந்த ஒரு வரி இல்லாததால், உயிலுக்குப் பின் வாங்கிய மனைக்கு வாரிசுச் சண்டை நடந்த குடும்பங்கள் உண்டு. நீங்கள் சொன்ன ஆள் உங்களுக்கு முன்பே போய்விட்டால் யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

மனைவிக்கு "ஆயுள்வரை அனுபவிக்க மட்டும், பிறகு மகன்களுக்கு" என்று எழுதுவது நம் பழக்கம். பெரியவர்கள் ஆசையோடுதான் எழுதுகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். எழுபத்தைந்து வயதில் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷனுக்குப் பணம் வேண்டுமென்றால் அந்த அம்மாள் வீட்டை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது, மகன்களிடம் கேட்டு நிற்கவேண்டும். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவரை நம்பி முழு உரிமையாகவே எழுதுங்கள்.

இரண்டு சாட்சி. நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்கவேண்டும், அவர்கள் போடுவதை நீங்கள் பார்க்கவேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரும் அவர் மனைவியோ கணவரோ சாட்சி வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அந்தச் சாட்சிக்கு எழுதிய பங்கே செல்லாது. உங்கள் வயது நண்பரையும் தவிருங்கள். பிற்பாடு கோர்ட்டில் ஒரு சாட்சியாவது வந்து சொல்லவேண்டியிருக்கும், உங்களைவிட இளையவராக, ஊரை விட்டுப் போகாதவராக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்யுங்கள். பதிவான உயில் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை நகல் உங்களுக்கு மட்டும்தான் தருவார்கள். உயில் தனிப் புத்தகத்தில் பதிவாவதால் வில்லங்கச் சான்றிலும் வராது, ஆகவே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படவேண்டாம். யாருக்குமே தெரியக்கூடாது என்றால், மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதியும் இருக்கிறது. சென்னைக்குள் இருக்கும் சொத்துக்கு நெடுங்காலம் உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) வாங்கவேண்டியிருந்தது. இன்றைய நிலை என்ன என்பதை அங்குள்ள வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய பத்திரிகைக் கட்டுரைகளை நம்பவேண்டாம்.

உயிலை எங்கே வைப்பது? பேங்க் லாக்கரில் வைத்தேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். லாக்கர் யார் பெயரில்? அவர் பெயரில் மட்டும், நாமினியும் இல்லை. லாக்கரைத் திறக்க வாரிசு யார் என்று காட்டவேண்டும், அதைக் காட்டும் உயிலோ லாக்கருக்குள். அன்றைக்கே போய் மகளை நாமினியாகப் போட்டுவிட்டு, அசலை வீட்டுப் பீரோவுக்கு மாற்றினார். நிறைவேற்றுநருக்கு ஒரு ஜெராக்ஸ், நோட்டில் "உயில் பீரோவின் மேல்தட்டில், பச்சைக் கவரில்" என்று ஒரு வரி.

கல்யாணம், குழந்தை, சாவு, விவாகரத்து, புதுச் சொத்து, இவற்றில் எது நடந்தாலும் அந்தக் கவரை எடுத்து ஒருமுறை படியுங்கள். சின்ன மாற்றம் என்றால் பிற்சேர்க்கை எழுதலாம், அதற்கும் இரண்டு சாட்சி. அசலில் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். மாற்றம் இரண்டு மூன்று என்றால் புதிதாகவே எழுதிவிடுங்கள், பழையதைப் பதிந்திருந்தால் அதன் எண்ணோடு புதியதையும் பதியுங்கள்.